கையும் பொறுப்பும்

லிவர்மோருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விடயங்களைப் பார்க்க வருகிறார்கள். 1901ஆம் ஆண்டில் ஏற்றப்பட்டு இன்னமும் எரிந்துகொண்டிருக்கும் தீயணைப்பு நிலைய மின்குமிழ் ஒன்று. ஊரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்கள் இன்னொன்று. மூன்றாவது, 1980களில் இங்கு எழுந்த சிவா-விஷ்ணு கோவில். நாம் இந்த ஊரைப் பார்க்க வந்தவர்கள் அல்ல, சமைக்க வந்தவர்கள். நாம் என்று இங்கே எழுதுவது ஒரே குசினியில் வேலை செய்யும் மூன்று பேரை. எழுதும் கை மட்டும் ஒருவருடையது. யுத்தத்தின் கடைசி வருடங்களில் மெய்யியல் படிப்பை இரண்டாம் வருடத்துடன் விட்டுவிட்டு வந்த கை அது. குசினியில் நாலாவதாக ஒரு தம்பி இருக்கிறான். அவனைப் பற்றியே இக்கட்டுரை என்பதால் அவனை இந்த 'நாம்' என்பதற்குள் சேர்க்கவில்லை.

ஓய்வு நாட்களில் எமக்குக் காசில்லாத பொழுதுபோக்கு விமானநிலைய வேலிக்கு அருகில் போய் நிற்பது. இரண்டு சமாந்தர ஓடுபாதைகள், ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம். பெரிய பயணிகள் விமானச் சேவை எதுவும் இல்லை. ஒற்றை இயந்திரச் சிறுவிமானங்களும் பயிற்சிக்காரர்களுமே அதிகம். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது தோசைக்கல்லில் நிற்கும் எங்கள் தம்பி அங்கேதான் விமானம் ஓடப் பழகுகிறான். சம்பளத்தில் பாதி அதற்குப் போகிறது. 2001க்குப் பின் வந்த விதிகளின்படி, குடியுரிமை இல்லாதவன் என்பதால், கைரேகை கொடுத்து மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைகளை முடித்த பின்னரே அவனால் வகுப்பைத் தொடங்க முடிந்தது. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டான். அடுத்த படியான கருவித் தகுதிக்குப் பழகிக்கொண்டிருக்கிறான். முகிலுக்குள் வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓடுவதற்கான தகுதி அது.

போன மாரியில், எங்களில் மூத்தவரான அண்ணையின் தங்கச்சி லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் காலமானார். தகனம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு என்று செய்தி வந்தது. சனிக்கிழமை றெஸ்ரோறன்ரில் பெரியதொரு கலியாண ஓடர். காரில் போவதென்றால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். தம்பியின் விமானத்தில் இரண்டரை மணித்தியாலம். வாடகைக்கு ஆட்களை ஏற்ற அவனுக்கு உரிமை இல்லை, ஆனால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஞாயிறு விடிய வெளிக்கிடுவதென்று முடிவாயிற்று. சனி இரவு ஒரு மணிக்குக் குசினியைக் கழுவி மூடிவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

விடிய எழும்பிப் பார்த்தால் வானம் இல்லை. நிலத்தோடு ஒட்டினாற்போல் முகில். தம்பி தொலைபேசியில் காலநிலை அறிக்கையை இரண்டு தரம் பார்த்தான். வெளியே போய் நின்று மேலே பார்த்தான். பிறகு, "ஏலாது அண்ணை, காரை எடுப்பம்" என்றான்.

அண்ணைக்கு வந்த கோபத்தை நாம் அதற்கு முன்னர் கண்டதில்லை. "பத்து நாளைக்கு முன்னம் இதே முகிலுக்குள்ளாலை நீதானேடா ஓட்டினனீ? கொப்பியிலை உன்னைத்தானே கப்டன் எண்டு எழுதிக் கிடக்குது!" என்று கத்தினார். அது பொய்யல்ல. அந்தப் பதிவேட்டை எங்கள் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டவன் தம்பிதான்.

"அண்டைக்குக் கை என்ரை அண்ணை. பொறுப்பு வாத்தியாரின்ரை" என்றான் தம்பி.

நாம் மற்ற இருவரும் அண்ணையின் பக்கமே நின்றோம். காரில் போனோம். பள்ளத்தாக்கில் மூடுபனி, வாகனங்கள் ஊர்ந்தன. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணை தங்கச்சியின் முகத்தைக் காணவில்லை. திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை.

அந்த ஒரு வசனத்தை அதன்பின் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறோம். கை வேறு, பொறுப்பு வேறு என்று ஒருவன் சொல்வது தப்பித்துக்கொள்ளும் பேச்சா, அல்லது ஒழுக்கத்தின் தொடக்கமா?

*

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள் 'கட்டளையில் உள்ள விமானி' என்று ஒருவரை வரையறுக்கின்றன. வசதிக்காக அவரைப் பொறுப்பு விமானி என்போம். அந்தப் பறப்பின் இறுதி அதிகாரமும் பாதுகாப்பும் அவருடைய பொறுப்பு. பறப்புக்கு முன்னரோ பறக்கும்போதோ அவர் அப்படி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வகை விமானத்துக்குரிய தகுதி அவரிடம் இருக்க வேண்டும். வரையறை இவ்வளவுதான். சுக்கானைப் பிடித்திருப்பவர்தான் பொறுப்பு விமானி என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

முகில் என்று வந்தால் விதி இறுகுகிறது. கருவிப் பறப்பு விதிகளின் கீழ் பறப்பதற்கோ, கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான ஆகக் குறைந்த அளவுக்கும் கீழே காலநிலை போய்விட்டால் பறப்பதற்கோ, பொறுப்பு விமானியிடம் கருவித் தகுதி இருந்தேயாக வேண்டும். வானம் வெளித்திருந்தாலும், கருவி விதிகளின் கீழ் அனுமதி பெற்றுப் போவதென்றால் அந்தத் தகுதி வேண்டும். அதைப் பெறுவதற்கு, வேறு நிபந்தனைகளோடு, 40 மணித்தியாலக் கருவிப் பறப்பு அனுபவமும், அதில் 15 மணித்தியாலமாவது தகுதிபெற்ற ஆசிரியரின் பயிற்சியும் வேண்டும். எழுத்துப் பரீட்சையும் பறந்துகாட்டும் பரீட்சையும் உண்டு. கோபுரத்திடம் விசேட அனுமதி கேட்டு, குறைந்த பார்வைத் தூரத்தில் புறப்படவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த அனுமதி முகிலுக்கு வெளியே நிற்பதற்குத்தான், உள்ளே போவதற்கல்ல.

அப்படியானால் அண்ணை கண்ட பதிவேட்டு எழுத்து என்ன? இங்கேதான் சட்டத்தின் நுட்பம் இருக்கிறது. தனியார் விமானி ஒருவன், தனக்குத் தகுதியுள்ள வகை விமானத்தைத் தனியொருவனாகக் கையாண்ட நேரத்தைப் பொறுப்பு விமானி நேரமாகவே தன் பதிவேட்டில் எழுதலாம். கருவித் தகுதி இல்லாவிட்டாலும், முகிலுக்குள் ஆசிரியரோடு போயிருந்தாலும் எழுதலாம். அது பயிற்சிக் கணக்கு. ஆனால் அந்த முகிலுக்குள் உண்மையில் கட்டளையில் இருந்தவர் ஆசிரியர். அவரிடம் கருவித் தகுதி இருந்தது. 'இன்று நான் பொறுப்பு' என்று ஏறமுன்னரே அவர் ஏற்றிருந்தார். ஒரே விமானம், ஒரே நேரம். இரண்டு பேர் தத்தம் கொப்பியில் ஒரே சொல்லை எழுதலாம். ஆனால் விமானம் மலையில் மோதினால் பதில் சொல்லவேண்டியவர் ஒருவர்தான்.

வானம் வெளித்த நாளில் பழகுவதற்கு இன்னொரு முறை உண்டு. பழகுபவர் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பொன்றை அணிந்துகொள்வார். பக்கத்து இருக்கையில் பாதுகாப்பு விமானி ஒருவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கருவித் தகுதி தேவையில்லை, ஏனென்றால் வானம் உண்மையில் மூடியிருக்கவில்லை. அந்த இருவரில் யார் பொறுப்பு விமானி என்பதை ஏறமுன்னரே பேசி முடிவுசெய்ய வேண்டும்.

இந்த ஏற்பாடு பழையது. 1929 செப்ரெம்பர் 24ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில், ஜிம்மி டூலிற்றில் என்ற இராணுவ விமானி மூடிய கூட்டுக்குள் இருந்து, வெளியே எதையும் பார்க்காமல் விமானத்தைக் கிளப்பி, சுற்றிவந்து, இறக்கினார். குருட்டுப் பறப்பின் வரலாறு அவருடைய பெயரைச் சொல்கிறது. முன்னிருக்கையில் பென் கெல்சி என்ற இன்னொரு விமானி இருந்தார். அவர் சுக்கானைத் தொடவில்லை என்பதை நிலத்தில் நின்றவர்கள் காணும்படி கைகளை வெளியே தெரிய வைத்திருந்தார். எமக்கு டூலிற்றிலைவிடக் கெல்சியையே அதிகம் பிடித்திருக்கிறது. தொடக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு தொடாமல் இருப்பதும், தேவை வந்தால் தொட ஆயத்தமாக இருப்பதும் ஒரு வேலை. ஊரில் எங்கள் தகப்பன்மார் சைக்கிள் பழக்கிவிட்ட விதமும் அதுதான்.

*

ஆனால் இதையெல்லாம் கேட்டு உடனே தலையாட்ட எம்மால் முடியவில்லை. கடதாசி என்ற சொல்லைக் கேட்டாலே எமக்கு வயிறு கலங்கும். நாம் கடதாசி இல்லாமல் எல்லைகளைக் கடந்தவர்கள். தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் இல்லை என்று கோப்பை கழுவ அனுப்பப்பட்டவர்கள். எங்களில் ஒருவரை இருட்டில், வெளிச்சம் எதுவும் இல்லாமல், மன்னாரிலிருந்து இராமேஸ்வரக் கரைக்கு ஏற்றிச்சென்ற படகோட்டியிடம் எந்த அனுமதிப்பத்திரமும் இருக்கவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை வந்து சேர்ந்தது. அந்தக் கரைத் தண்டையல்மார் கடலைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். தகுதி வேறு, தகுதிப் பத்திரம் வேறு என்பதை எம்மைவிட யார் அறிவார்? பத்து நாளுக்கு முன்னர் முகிலுக்குள் ஓடிய கை இன்று ஓடாதா? இதுவே அண்ணையின் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்கு எமக்குக் கிடைத்த பதில் சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை, காதுக்குள்ளிருந்து வந்தது. எமது உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அது பின்தங்கி அசைந்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் ஒரே சீராகச் சிறிது நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். அப்போது நேராகப் போகிறோம் என்றே உடம்பு சொல்லும். விமானத்தை உண்மையில் நேராக்கினால், மறுபக்கம் சரிகிறோம் என்று சொல்லும். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் அது திருத்திவிடும். முகிலுக்குள் திருத்த ஒன்றுமில்லை. நேர்மையான மனிதன், முழு நம்பிக்கையோடு, சரியென்று உணர்வதையே செய்தபடி சுழன்று கீழே போவான்.

1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே தெரியாத நிலையில் வைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 செக்கனில், ஒருவர் 480 செக்கனில். சராசரி 178 செக்கன். ஒரு தடித்த ஊத்தப்பம் வெந்து வரும் நேரம்.

படகோட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். படகோட்டி இருட்டில் போனாலும் நட்சத்திரம் அவனுக்கு அடிவானமாக இருந்தது. அந்தக் கடலில் அவன் நேற்றும் போனான், முந்தநாளும் போனான். அவனிடம் பத்திரம் இல்லை, ஆனால் புதுப்பிக்கப்பட்ட பழக்கம் இருந்தது. விமானச் சட்டம் கேட்பதும் கடைசியில் அதைத்தான். கருவித் தகுதியை ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதாது. கடந்த ஆறு மாதங்களுக்குள் ஆறு கருவி இறக்க அணுகுமுறைகளைச் செய்திருக்க வேண்டும். காத்திருப்புச் சுற்றுகளைச் செய்திருக்க வேண்டும். வானொலி வழிகாட்டிப் பாதைகளைப் பிடித்துத் தொடர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரால் முகிலுக்குள் பொறுப்பு விமானியாக இருக்க முடியாது. இன்னும் ஆறு மாதம் அப்படியே கடந்தால், தகுதிபெற்ற ஒருவர் முன் மறுபடி ஓடிக் காட்டவேண்டும்.

படிப்பை விடுவதற்கு முன்னர் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வரும் கப்பல் உவமையைப் படித்திருந்தோம். கடலோடும் கலையைக் கற்காத மாலுமிகள் சுக்கானுக்குச் சண்டை பிடிக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கத் தெரிந்த உண்மையான மீகாமனைப் பயனற்றவன் என்று பரிகசிக்கிறார்கள். அன்று காலை வெளியே நின்று வானத்தைப் பார்த்த தம்பியைக் கோழை என்று நாம் நினைத்ததும் இதுபோலத்தான். ஆனால் பிளேட்டோவிடம் இல்லாத ஒன்று இந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிளேட்டோவின் அறிவாளி ஐம்பது வயதில் உண்மையைக் கண்டுவிட்டால் கண்டதுதான். விமானச் சட்டம் அறிவையும் நம்பாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'இன்னமும் தெரியுமா?' என்று கேட்கிறது. முப்பது வருடத்துக்கு முன் செய்த தியாகத்தைச் சொல்லியே இன்றும் சங்கத்திலும் மேடையிலும் தலைமை கேட்கும் எம்மவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

*

சட்டம் போதுமா என்றால், போதாது. 1999 யூலை 16ஆம் திகதி மாலை, நியூ ஜேர்சியின் எசெக்ஸ் கவுண்டி விமானநிலையத்திலிருந்து ஜோன் எப். கென்னடி இளையவர் தன் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு சிறுவிமானம் ஒன்றில் புறப்பட்டார். அவரிடம் கருவித் தகுதி இல்லை, பழகிக்கொண்டிருந்தார். எங்கள் தம்பி இருக்கும் அதே படி. அன்று அவர் சட்டத்தை மீறவில்லை. கண்ணால் பார்த்துப் பறக்கச் சட்டம் கேட்கும் அளவு பார்வைத் தூரம் இருந்தது. ஆனால் இரவு, புகைமூட்டம், கீழே கறுத்த கடல். அடிவானம் தெரியவில்லை. மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று 2000ஆம் ஆண்டில் விசாரணைச் சபை முடிவுசெய்தது. அன்று கூட வருவதாக ஆசிரியர் ஒருவர் சொன்னதாகவும், தனியே செய்ய விரும்புவதாக அவர் பதில் சொன்னதாகவும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அந்தத் 'தனியே' என்ற சொல்லுக்குள் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

சட்டம் கீழெல்லையைத்தான் போடும். 'போகலாம்' என்று அது சொல்லும் இடத்திலும் 'போகமாட்டேன்' என்று சொல்லும் உரிமை பொறுப்பு விமானியிடம் இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாதவன், பத்திரம் வைத்திருந்தாலும் கட்டளையில் இருக்கிறான் என்று சொல்ல முடியாது. அவனை வேறெதுவோ ஓட்டிச் செல்கிறது: அவசரமோ, வெட்கமோ, கூட வந்தவர்களின் முகமோ.

*

இனி மறுபக்கம். கை இருந்தும் கட்டளை இல்லாதவனை என்ன செய்வது? இந்தக் கேள்வி எங்கள் சனத்துக்கு நீதிமன்றம் வரை போன கேள்வி.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 'சன் சீ' என்ற கப்பல் 492 தமிழர்களோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தது. தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போய்விட, அகதிகளில் பன்னிரண்டு பேர் அவர்களுடைய வேலைகளை ஏற்றிருந்தார்கள். ஒருவர் இயந்திர அறையில் முறைபோட்டு நின்று வெப்பநிலையையும் எண்ணெய் மட்டத்தையும் பார்த்தார். இன்னொருவர் தூரத்தில் கப்பல் வருகிறதா என்று பார்த்ததோடு சமைக்கவும் செய்தார். கரைக்கு வந்ததும் இத்தகையவர்கள் ஆட்கடத்தலில் ஈடுபட்டவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுடைய அகதிக் கோரிக்கையைக் கேட்பதற்கே கதவு மூடப்பட்டது. இயந்திரத்தைத் தொட்ட கையும் கட்டளையிட்ட வாயும் ஒன்றென்று கருதப்பட்டன. 2015 நவம்பர் 27ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஆதாயத்துக்காக, எல்லை கடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றத்தின் பகுதியாகச் செய்வதே அந்தச் சட்டம் சொல்லும் ஆட்கடத்தல் என்றும், தப்பியோடும் அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவது அதில் அடங்காது என்றும் தீர்ப்பளித்தது.

கப்பலில் சமைத்தவனைக் கப்பல் ஓட்டியவனோடு சேர்த்துக் குற்றம் சாட்டலாமா என்பது எம்மைப் போன்ற சமையல்காரர்களுக்குச் சின்னக் கேள்வியல்ல. அந்த மனிதரும் தம்பி சொன்னதையே சொல்லியிருக்கலாம்: கை என்னுடையது, பொறுப்பு என்னுடையதல்ல. அங்கே அது உண்மை. அவருக்கு 'இன்று நான் பொறுப்பு' என்று சொல்லி ஏறவும் வழியிருக்கவில்லை, 'இன்று போகமாட்டேன்' என்று சொல்லி இறங்கவும் வழியிருக்கவில்லை. மறுக்க முடியாதவனிடம் பொறுப்பைச் சுமத்துவது அநீதி. அதே வசனத்தை மறுக்கக்கூடியவன் சொன்னால் அது கோழைத்தனம். வசனம் ஒன்றுதான். சொல்பவன் எந்த இருக்கையில் இருந்தான் என்பதைப் பார்த்தே அதை நிறுக்க வேண்டும்.

*

விமானச் சட்டத்தில் எமக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றைச் சொல்லவேண்டும். பறக்கும்போது உடனடி நடவடிக்கை வேண்டிய அவசரநிலை வந்தால், அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்குப் பொறுப்பு விமானி எந்தப் பறப்பு விதியையும் மீறலாம். அடுத்த வரியிலேயே இன்னொன்று இருக்கிறது. அப்படி மீறியவர், கேட்கப்பட்டால், நடந்ததை எழுத்தில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். மீறும் அதிகாரமும் கணக்குக் கொடுக்கும் கடமையும் ஒரே ஆளிடம், பக்கத்துப் பக்கத்து வரிகளில்.

நாம் வந்த நாட்டில் முதல் வரி மட்டுமே இருந்தது. 1979இல் தற்காலிகமானது என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமானது. அவசரகாலச் சட்டம் இடைவெளிகளுடன் 2011 ஓகஸ்ட் வரை நீடித்தது. அந்த அவசரங்களின் பேரில் காணாமற் போனவர்களுக்கு எழுத்தில் கணக்குக் கொடுத்த பொறுப்பு விமானி யார்? கட்டளையிட்டவர்கள் கையைக் காட்டினார்கள், கைகள் கட்டளையைக் காட்டின.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினார்கள். வாசலில் நின்று பைகளைச் சோதித்த பெடியனின் கை தெரிந்தது. கட்டளை எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியவில்லை. பார்த்து நின்ற ஊர், அது 'நாம்' செய்ததா 'அவர்கள்' செய்ததா என்று இன்னமும் தடுமாறுகிறது. அப்போது எங்களில் இருவர் கைக்குழந்தைகள். அண்ணைக்குப் பள்ளிக்கூட வயது. கை எங்களுடையதல்ல. ஆனால் அந்த 'நாம்' எமக்கும் உரியது. வெற்றியைச் சொல்லும்போது அதற்குள் வந்து நின்றுகொண்டு, கணக்கைச் சொல்லும்போது மட்டும் வெளியே போக முடியாது.

விமானத்தில் இந்த வசதி இல்லை. எத்தனை பேர் ஏறினாலும், எத்தனை பேர் கொப்பியில் எழுதினாலும், கட்டளையில் 'நாம்' என்று ஒருவர் இல்லை. ஏறமுன்னரே ஒரு பெயர் சொல்லப்பட வேண்டும். இக்கட்டுரையை நாம் என்று எழுதிக்கொண்டு இதைச் சொல்வதில் இருக்கும் முரண்பாடு எமக்குத் தெரியாமல் இல்லை. அகதிகளாகிய எமக்கு 'நாம்' என்பது குளிருக்குப் போர்வை. ஆனால் போர்வைக்குள் இருந்தும் அடிவானம் தெரியாது.

*

தம்பியின் முடிவு சரி என்று சொல்லிவிட்டோம். அதனால் அண்ணையின் இழப்பு குறையவில்லை. முகில் பத்து மணிக்கே கலைந்திருக்கலாம், ஒன்றும் நடக்காமல் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று அவர் இப்போதும் சொல்கிறார். சரியான முடிவு எப்போதும் நல்ல பலனைத் தரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. போகாமல் விட்ட பறப்பு பாதுகாப்பானதாக இருந்திருக்குமா என்பது எவருக்கும் தெரியப் போவதில்லை. மறுப்பவன் எப்போதும் இந்தக் கடனோடுதான் நிற்கிறான்.

ஆனால் பல நாட்களின் பின்னர் ஒன்று எமக்கு நினைவுக்கு வந்தது. சனி பின்னேரம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கையில் தம்பி சொன்னது: "விடியக் காலநிலை விட்டாப் போகலாம். நிச்சயமாப் போகவேணுமெண்டால் இரவே காரிலை வெளிக்கிடுறதுதான் புத்தி." நாம் முதல் வசனத்தை மட்டும் கேட்டோம். இரண்டாவதைக் கேட்டிருந்தால், கலியாண ஓடரை விட்டுவிட்டு லீவு கேட்க வேண்டி வந்திருக்கும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடும். நாம் கேட்கவில்லை. ஆக அன்று காலை தம்பியின் மேல் போட்டது, முதல்நாள் இரவே எங்களிடம் இருந்த பொறுப்பைத்தான். இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. தம்பி இன்னும் கருவித் தகுதிப் பரீட்சைக்குப் போகவில்லை. தன்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போகும்படி அண்ணையே கேட்டார். நாம் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தோம். விமானத்தின் கதவடியில் நின்றுகொண்டு அண்ணை ஏதோ கேட்டார், தம்பி ஏதோ சொன்னான். பிறகு ஏறினார்கள்.

இறங்கி வந்ததும் என்ன கேட்டீர்கள் என்றோம். "இண்டைக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டனான்" என்றார் அண்ணை. "நான்தான் எண்டு சொன்னவன். அதுக்குப் பிறகுதான் ஏறினனான்."